பேட்டரி இருக்க பயமேன்?

கேள்வி: பைப்பர் ஜே-3 கப் போல மின்வசதியே இல்லாத குட்டி விமானத்தில் விமானியின் ஹெட்செட்டுக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்?

பதில்: சட்டைப்பையிலிருந்துதான்! 1947 வரை தயாரான அந்த அமெரிக்க விமானத்தை, புரொப்பெல்லரைக் கையால் சுழற்றித்தான் கிளப்புவார்கள். எஞ்சினோடு சுழலும் மேக்னெட்டோ தரும் மின்சாரம் ஸ்பார்க் பிளக்கோடு சரி. ஹெட்செட்டுக்குச் சொட்டும் கிடையாது. இரைச்சலை அடைக்கும் சாதாரணக் காதுமூடிக்கு மின்சாரமே வேண்டாம். மைக்குக்கும் இன்டர்காமுக்கும்தான் வேண்டும். கையடக்க இன்டர்காமுக்கு ஒரு 9 வோல்ட் பேட்டரி போதும். காற்றில் சுழலும் ஜெனரேட்டரைச் சிலர் பொருத்துகிறார்களே என்பீர்கள். 65 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அந்த எடையும் காற்றுத்தடையும், வெறும் பேச்சுக்காக என்றால், அதிகம். நடுவானில் பேட்டரி தீர்ந்தால்? பேச்சு நிற்கும், எஞ்சின் நிற்காது. ஆனாலும் ஆசிரியரும் மாணவரும் முன்னும் பின்னுமாக உட்காரும் விமானம் அது. முகம் பார்த்துச் சைகை காட்டவும் வழியில்லை. மாற்று பேட்டரி இல்லாமல் ஏறவே கூடாது.