வல்லூறா, கோட்டையா?

டென்மார்க்கில் இருக்கும் மச்சான் நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்கு வருகிறான். வாட்ஸ்அப்பில் குரல் வந்தது: "சூட்கேசுக்குள்ள லெகோப் பெட்டி ஒண்டுதான் வைக்கலாம். 'ஸ்டார் வார்ஸ்' மில்லேனியம் ஃபல்கனோ, 'ஹரி பொட்டர்' ஹோக்வார்ட்ஸ் கோட்டையோ? டக்கெண்டு சொல்லு."

எனக்குப் பெண் பார்த்தபோதுகூட இரண்டு தெரிவு தரப்படவில்லை.

மச்சான் குடியிருப்பது பில்லுண்டுக்குப் பக்கத்து ஊர். 1932இல் ஓலே கிர்க் கிறிஸ்தியான்சன் என்ற தச்சாசாரியார் மரத்தில் விளையாட்டுச் சாமான் செய்யத் தொடங்கியது அந்தப் பில்லுண்டில்தான். பேருக்கு ஏற்றபடி எங்களூரில் பிறந்திருந்தால் பனையோலையில் பெட்டி இழைத்துக் காலத்தைக் கழித்திருப்பார். டேனிஷ் மொழியில் 'நன்றாக விளையாடு' என்பதன் சுருக்கமே லெகோ.

ஃபல்கன் என்ற வல்லூறு 2017இல் வந்தது, 7541 துண்டு. கோட்டை அடுத்த வருடம், 6020 துண்டு. "அவ்வளவத்தையும் நீங்கள் பொருத்துவியளோ?" என்று மனிசி சிரித்தாள். நாங்கள் யாரென்று அவள் மறந்துவிட்டாள். ஈழத்தமிழ் அகதிகளின் குடும்பங்களை அங்கே கூப்பிடவிடாமல் இழுத்தடித்த விவகாரத்தில் 1993 ஜனவரியில் டென்மார்க் பிரதமர் பூல் ஸ்லுட்டரே பதவியைக் கழற்றிவைக்கவேண்டி வந்தது. இங்கே, யாழ்தேவி ஓடிய தண்டவாளத்தையும் சிலிப்பர்க்கட்டையையும் கழற்றிப் பங்கருக்குப் பூட்டிய சனம் நாங்கள். 2014இல் ரயில் திரும்பி வரும்வரை அந்தப் பாதை வெறும் பற்றைதான். கழற்றுவதும் பூட்டுவதும் எங்களுக்குப் புதிதா?

என் மனம் வல்லூறில்தான் நின்றது. படத்தில் அது ஒரு ஓட்டை விண்கப்பல். அவசரத்துக்கு ஸ்டார்ட் வராது, அடித்தால்தான் லைற் எரியும், ஆனாலும் எப்படியோ தப்பிப் பறக்கும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது காபரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி, பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடிய ஒஸ்ரின் ஏ40 இதுவேதான். ஓட்டுபவனின் பக்கத்தில் சடைத்த மயிரோடு உறுமிக்கொண்டு ஒரு உதவியாள் இருப்பதும் அப்படியே.

மனிசிக்குக் கோட்டை. "இஞ்சருங்கோ, அது பள்ளிக்கூடமல்லோ? வீட்டில வைச்சால் பிள்ளையளின்ர படிப்புக்கு நல்லது."

"அங்க கணிதமும் உயிரியலும் இல்லையப்பா. மந்திரம்தான் படிப்பிக்கிறாங்கள்."

"என்னத்தையெண்டாலும் படிப்பிக்கட்டும். ஹொஸ்டலும் இருக்காம்."

எனக்கோ கோட்டை என்றாலே ஒரு கூச்சம். போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் 1658இல் பிடித்த எங்களூர்க் கோட்டையைச் சுற்றி 1990இல் நடந்த சண்டைக்குப் பிறகு, கோட்டை என்பது காசு கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவரும் சாமானாகப் படவில்லை. காசு என்றதும் ஞாபகம் வருகிறது: வல்லூறு முதலில் விற்ற விலை 800 டொலர். அதை ரூபாயாக்கி மனிசிக்குச் சொன்னது நான் செய்த பிழை. "ஒரு பால்மாடு வாங்கலாம்" என்றாள். மாடு மச்சானின் சூட்கேசுக்குள் போகாது என்று விளக்கவேண்டியிருந்தது.

கடைசியில் தையல் ரேப்பை எடுத்து ஹோலில் இருக்கும் ஷோகேசை அளந்தோம். லண்டன் பொம்மையும் வெறும் சென்ற் போத்தல்களும் பிள்ளைகளின் கப்புகளும் முழுசாட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தன. உள் ஆழம் 35 சென்ரிமீற்றர். வல்லூறு 84 நீளம், 56 அகலம். கோட்டை 69 அகலம், 58 உயரம், 43 ஆழம். இரண்டும் போகாது. வெளியே வைத்தால் கோண்டாவில் செம்மண் புழுதி ஒவ்வொரு துண்டிலும் குடியேறும். துடைக்கப் பல்லுத்தேய்க்கிற பிரஷ் வேண்டும்.

"வாங்கிறதெண்டால் சாப்பாட்டு மேசையில வையுங்கோ. நீங்கள் குசினிக்குள்ள பலகையில இருந்து சாப்பிடுங்கோ" என்றாள்.

மச்சானுக்கு ஒரு சொல் அனுப்பினேன்: "வல்லூறு."

கொடியேற்றத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. பழகவேண்டும் என்பதற்காக நேற்றிரவே புட்டுக்கோப்பையோடு குசினிக்குள் போய்விட்டேன்.