பேறுகாலம் பார்க்கும் பெரியவர்

"இந்த வீட்டுக்குள்ள பூனை வந்தா நான் வெளியே போயிடுவேன்" என்று காலமெல்லாம் சொல்லிவந்தவர்தான் இவர். தெருவுக்கு ஒருவர் உண்டு. வங்கியிலோ மின்வாரியத்திலோ ஓய்வு பெற்றிருப்பார். வீட்டில் யாரும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. ஒருநாள் தெருப்பூனை ஒன்று அவருடைய பீரோவின் கீழ்த்தட்டில், இஸ்திரி போட்டு அடுக்கிய வேட்டிகளின் மேல் நாலு குட்டி போடும். அன்றே அவர் மறுபடி பதவி ஏற்றுவிடுவார்.

திருவல்லிக்கேணிச் சந்து ஒன்றில் இருப்பவரை எடுத்துக்கொள்வோம். மகளின் பிரசவத்தின்போது 'ஆடிட்டிங்' என்று சேலத்தில் இருந்தவர். இப்போது பூனையின் சினைக்காலம் சுமார் 63 நாள், குட்டிக்குக் கண் திறக்க ஒன்றிலிருந்து இரண்டு வாரம் என்று யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறார்.

பிள்ளைபெற்ற பூனைக்கு மனிதர் செய்யவேண்டியது கொஞ்சம்தான். இருட்டான மூலை, சுத்தமான துணி, தண்ணீர், வயிறாரச் சாப்பாடு, பக்கத்தில் ஒரு மண் தட்டு. மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். தொப்புள்கொடியைக் கடித்துவிடும். சீம்பால் கொடுக்கும். அடிவயிற்றை நக்கிக்கொடுத்துச் சிறுநீர் போகவைக்கும். பிறந்த குட்டிக்கு அதுகூடத் தானாக வராது. ஆக, பெரியவருக்கு மிஞ்சுவது சும்மா இருப்பது ஒன்றுதான். ரிட்டயர் ஆகி இத்தனை வருஷமாகியும் அது மட்டும் அவருக்குக் கைவரவில்லை.

காலை ஆறு மணிக்குச் சமையலறைத் தராசு கூடத்துக்கு வந்துவிடும். பிறக்கும்போது குட்டி 100 கிராம் வாக்கில் இருக்கும். தினமும் பத்து கிராமாவது ஏறவேண்டும். அதற்கென்று கோடு போட்ட நோட்டு ஒன்று. கறுப்பு, செவலை, வரி, சாம்பல் என்று நாலு கணக்கு, நாலு பக்கம்.

"சாம்பலுக்கு இன்னிக்கு நாலு கிராம்தான் ஏறியிருக்கு."

காபி டம்ளரை வைத்துவிட்டு மாமி கேட்பாள்: "எனக்கு சுகர் ஏறியிருக்கா இறங்கியிருக்கான்னு என்னிக்காவது கேட்டிருக்கேளா?"

முதல் வாரத்துக் குட்டிக்கு உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. படுக்கை கதகதப்பாக, 30 டிகிரி வாக்கில் இருக்கவேண்டும். சென்னையில் மே மாதம் அதைச் செலவில்லாமல் கொடுத்துவிடும். ஆனாலும் பெரியவர் ஃபேனை நிறுத்திவிடுவார். குடும்பமே விசிறியோடு உட்கார்ந்திருக்க, குட்டிகள் சொகுசாகத் தூங்கும்.

எதிர்வீட்டுப் பாட்டி இங்க் ஃபில்லரும் ஒரு கிண்ணம் பசும்பாலுமாக வருவாள். வாசலிலேயே தடுத்துவிடுவார். பசும்பால் குட்டிக்கு ஆகாது, வயிற்றால் போகும். தாய்க்கே பால் இல்லையென்றால் பூனைக்குட்டிக்கென்று விற்கிற பால்மாவைத்தான் கரைத்துக் கொடுக்கவேண்டும் என்று ஒரு பிரசங்கம் நடக்கும். எட்டுப் பிள்ளை பெற்ற பாட்டி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

சிக்கல் சாப்பாட்டில்தான். பூனை சுத்த மாமிசப் பிராணி. டாரின் என்கிற சத்து குறைந்தால் அதற்குக் கண்ணும் இதயமும் கெடும். ஆத்துத் தயிர்சாதத்தில் அது போதிய அளவு கிடையாது. பால் கொடுக்கும் காலத்தில் தீனி வேறு இரண்டு மூன்று மடங்கு வேண்டும். ஆகவே விடியற்காலையில், நெற்றியில் திருமண்ணோடு, கையில் துணிப்பையோடு சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் இவரைப் பார்க்கலாம். பேரம் பேசமாட்டார், தெரிந்தவர் யாராவது வந்துவிடப் போகிறார்களே! நெத்திலியை வேகவைக்க மொட்டை மாடியில் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். வாசனை என்னவென்று கேட்டால் கீழ்ப்போர்ஷன் பக்கம் கையைக் காட்டுவார்.

மணிக்கொரு தரம் டார்ச் அடித்தால் எந்தத் தாய்தான் பொறுப்பாள்? ஒரு ராத்திரி பூனை குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே குடிபோய்விட்டது. பிடரியைக் கவ்வியதும் குட்டி காலைச் சுருட்டிக்கொண்டு துவண்டு தொங்கும், துள்ளாது, கத்தாது. பெரியவருக்குப் புல்லரித்துவிட்டது.

"பாத்தியா? குட்டி ஒரு முயற்சியும் பண்றதில்லை. எல்லாம் தாயோட பொறுப்பு. இதுதாண்டி மார்ஜார நியாயம், நம்ம தென்கலை சித்தாந்தம்!"

மாமி பிறந்தகம் வடகலை, தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி கட்சி. "தாயோட பொறுப்புன்னு தெரியறதோல்லியோ? அப்புறம் ஏன்னா நீங்க டார்ச்சைத் தூக்கிண்டு அலையறேள்?"

நாலாம் வாரம் குட்டிகள் தட்டில் வாய் வைக்கும். குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை செய்துவிடுங்கள், பால் கொடுக்கும்போதே மறுபடி சினைப்படும் என்று கால்நடை மருத்துவர் சொல்லியனுப்புவார். அன்றிலிருந்து மதில்மேல் கடுவன் தலை தெரிந்தால் போதும், குடையோடு ஓடுவார். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தகப்பன்கள் இருக்கலாம் என்று படித்ததிலிருந்து எந்தக் கடுவன்மீதும் அவருக்கு நம்பிக்கையில்லை.

இரண்டு மாதமானதும் குட்டி கேட்டு ஆட்கள் வருவார்கள். நாற்காலி போட்டு உட்காரவைத்து விசாரணை தொடங்கும். சொந்த வீடா, வாடகையா? எத்தனாவது மாடி? பால்கனிக்கு வலை உண்டா? ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வது? வீட்டுக்காரர் ஆட்சேபிக்கமாட்டார் என்று எழுதித் தருவாரா? போன வாரம் வந்த இளம் தம்பதி எல்லாவற்றுக்கும் பவ்யமாகப் பதில் சொன்னார்கள். "யோசிச்சுச் சொல்லி அனுப்பறேன்" என்று அவர்களையும் அனுப்பிவிட்டார்.

அவர்கள் படியிறங்கும்போது உள்ளேயிருந்து மாமி குரல் கேட்டது: "நம்ம மாப்பிள்ளையை இதில பாதி விசாரிச்சிருக்கப்படாதோ!"