சர்வர் இணைப்பியல்: மூன்று நூற்பாக்களும் உரையும்

வெளியே எங்கோ இருக்கும் சர்வரை நம் ஹோஸ்ட் கணினியோடு இணைக்க ஒரு நொடி போதும்; இணைக்க ஆயத்தமாவதற்கோ ஒரு பிற்பகல் போதாது. இதற்கு முன்னோர் இலக்கணம் செய்யாமையின், நூலும் உரையும் யாமே இயற்றினோம்.

நூற்பா 1: உளதோ எனவறிந்து உறவுகொள முயல்க.

உரை: முதலில் ‘பிங்’ அடித்து, எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என அறிக என்றவாறு. இந்நிரலை 1983 டிசம்பரில் எழுதியவர் மைக் மூஸ். பதில் வரவில்லையெனில் சர்வர் மாண்டதாகக் கொள்ளற்க. பிங்குக்கு வாய் திறக்காதே என்று நிர்வாகியே அதற்கு ஆணையிட்டிருக்கலாம்.

நூற்பா 2: வாயில் பலவெனினும் வழியொன்றே திறக்க.

உரை: போர்ட் எண்கள் 65,535 வரை உள. சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைவிக்கும் எஸ்எஸ்எச்சுக்கு உரியது 22. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகள் களவு போகவே, 1995இல் டாட்டு யுலோனென் எஸ்எஸ்எச்சைப் படைத்தார். எஃப்டிபியின் 21க்கும் டெல்நெட்டின் 23க்கும் நடுவே காலியாகக் கிடந்த மனையைக் கேட்டு வாங்கினார். நாளடைவில் இரு பக்கத்து வீட்டாரின் பிழைப்பும் போயிற்று.

‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என வந்தால் மகிழ்க. மறுக்கவேனும் அங்கே ஆள் இருக்கிறது. ‘டைம் அவுட்’ ஆயின், பெரும்பாலும் இடையிலுள்ள ஃபயர்வால் சத்தமின்றி விழுங்கிவிட்டது என்க. நெட்வொர்க் டீமுக்கு டிக்கெட் போடுக. சில நாளில் டிக்கெட் மூடப்படும்; போர்ட் திறந்திராது. மீண்டும் டிக்கெட் போடுக.

நூற்பா 3: ஐயுறல் பொறிக்கே, ஆம்எனல் விரற்கே.

உரை: முதன்முறை இணையும்போது எஸ்எஸ்எச் எதிர்க்கணினியின் கைரேகை என ஒரு நீண்ட எழுத்துக் கோவையைக் காட்டி, ‘இவர் அவர்தாமா எனத் தெரியவில்லை, தொடரலாமா?’ என வினவும். நிர்வாகியிடம் முன்னரே பெற்ற ரேகையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பின்னரே விடையிறுத்தல் விதி. கேள்வி முடியுமுன் ‘யெஸ்’ எனத் தட்டுதல் வழக்கு. விதியினும் வழக்கு வலிது.

அற்றேல், படிக்காமலே ‘யெஸ்’ தட்டுவதாயின், பிங் அடித்ததும் ஃபயர்வாலுக்கு அலைந்ததும் டிக்கெட் மேல் டிக்கெட் போட்டதும் எற்றுக்கோ எனின், நாளை ஏதேனும் பழுதானால், கூட்டத்தில் டிக்கெட் எண்களை வரிசையாக ஒப்பித்து, ‘எங்கள் பக்கம் எல்லாம் சரி’ என்று உரைத்தற்பொருட்டு என்க.