ஸ்டார்ட் பட்டன் நடுவே நகர்ந்தமையும் அதன் அலுவலக விளைவுகளும்: ஓர் ஆய்வு

‘மனிதன் குகையில் வாழ்ந்த காலந்தொட்டு’ என்று தொடங்காத ஆய்வேடு தமிழில் அரிது. மரபை மீறும் துணிவு இக்கட்டுரையாளருக்கும் இல்லை. மனிதன் குகையில் வாழ்ந்த காலந்தொட்டு, வைத்த பொருளை வைத்த இடத்தில்தான் தேடிவருகிறான். அங்கே இல்லையென்றால் வீட்டில் மனைவியைக் கேட்கிறான், அலுவலகத்தில் ஐ.டி. பிரிவைக் கேட்கிறான். இவ்வுண்மையின் அண்மைக்கால வெளிப்பாடு ஒன்றை ஆராய்வதே இங்கு நோக்கம்.

ஆய்வுச் சிக்கல் வருமாறு. 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. மறுநாள் காலையிலும் பழைய லேப்டாப்புகள் வழக்கம்போல் ஓடத்தான் செய்தன. பாதுகாப்புத் திருத்தங்கள்தான் இனி வழக்கமாக வாரா. ஆனால் ஆடிட்டுக்கு வருகிறவர் “இன்னும் டென்னா சார் ஓட்டுறீங்க?” என்று கேட்டுவிட்டால் நிர்வாகத்துக்கு மானம் போய்விடும். 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11ஓ, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருந்தால்தான் உள்ளே வருவேன் என்றது. இன்டெல் சில்லு என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழே கூடாது என்றது. இதனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல லேப்டாப்புகள் கட்டாய ஓய்வு பெற்றன. மற்றவை ஒரு வெள்ளிக்கிழமை மாலை வாங்கப்பட்டு, திங்கள் காலை வேறு முகத்தோடு திருப்பித் தரப்பட்டன. அந்தத் திங்கள் காலையே நமது ஆய்வுக்களம்.

ஆய்வு எல்லை: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நடுத்தர அளவிலான ஓர் அலுவலகத்தின் கணக்கு, கொள்முதல், கடிதப் போக்குவரத்துப் பிரிவுகள். மேலாளர்கள் எல்லைக்குள் வரவில்லை. அவர்கள் லேப்டாப்பைத் திறப்பதில்லை. திறந்து காட்டச் சொல்கிறார்கள்.

கருதுகோள்: புதிய இயங்குதளத்துக்கு யாரும் பழகுவதில்லை. பழையதைப் புதியதற்குள் எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்த பிறகு, பழகிவிட்டதாக அறிவிக்கிறார்கள்.

முன்னாய்வுகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஸ்டார்ட் பட்டன் முதன்முதலில் திரையின் இடது கீழ் மூலையில் அமர்ந்தது 1995 ஆகஸ்ட் 24 அன்று, விண்டோஸ் 95இல். 2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8 அதைத் தூக்கிவிட்டது. எழுந்த கூக்குரலில் ஓராண்டு தாங்கவில்லை. 2013 அக்டோபரில் 8.1 வந்தபோது பட்டன் மறுபடி மூலைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. ஜெர்மனியின் முனிச் மாநகராட்சி இதைவிடப் பெரிய சோதனையை நடத்திப் பார்த்தது. விண்டோஸை விட்டு லினக்ஸுக்குப் போவதென 2003இல் முடிவெடுத்து, 2013 வாக்கில் சுமார் 15,000 கணினிகளை மாற்றியும் விட்டது. 2017இல் மாமன்றம் கூடி, விண்டோஸுக்கே திரும்புவதென்று தீர்மானித்தது. அதற்கு அரசியல் காரணங்கள் உண்டு, தொழில்நுட்பக் காரணங்கள் உண்டு, தடித்த அறிக்கைகளும் உண்டு. நமது கருதுகோளுக்கு அவை தேவையில்லை என்பதால் விடப்படுகின்றன.

இனி ஆய்வுப் பொருள். விண்டோஸ் 11இல் ஸ்டார்ட் பட்டன் மூலையை விட்டு நடுப்பக்கம் வந்துவிட்டது. அற்ப விஷயம் என்று நினைப்பவர்கள் 1954இல் அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் வகுத்த விதியைப் படிக்க வேண்டும். ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரம், அதன் தூரத்தையும் அகலத்தையும் பொறுத்தது என்பது அவ்விதியின் சாரம். திரையின் மூலைக்கு இதில் தனிச் சலுகை உண்டு. சுட்டியை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் மூலையைத் தாண்டிப் போகாது. கண்ணை மூடிக்கொண்டு தள்ளலாம். வேடிக்கை என்னவென்றால், விண்டோஸ் 95இல் பட்டனுக்கும் மூலைக்கும் இடையே மயிரிழை இடைவெளி விட்டிருந்தார்கள். மூலையின் நுனியில் கிளிக் செய்தால் ஒன்றும் நடக்காது. பிற்காலப் பதிப்புகளில்தான் அந்த இடுக்கு அடைபட்டது. அடைத்துச் சில ஆண்டுகள் சுகமாக இருந்த பின், பட்டனையே அங்கிருந்து எடுத்துவிட்டார்கள்.

நடுப்பக்கம் என்பதுகூடச் சரியான விவரணை ஆகாது. ஐகான்கள் எல்லாம் ஒரு கூட்டமாக நடுவில் நிற்கின்றன. ஸ்டார்ட் பட்டன் அக்கூட்டத்தின் இடக்கோடியில் நிற்கிறது. புதிதாக ஒரு செயலியைத் திறந்தால் கூட்டம் அகலும். பட்டன் அரை ஐகான் அளவு இடப்பக்கம் ஒதுங்கும். மூடினால் வலப்பக்கம் வரும். ஆக, காலை பத்து மணிக்கு இருந்த இடத்தில் அது மாலை நான்கு மணிக்கு இருப்பதில்லை. இலக்கே நடமாடினால் என்ன செய்வதென்று ஃபிட்ஸ் விதி சொல்லவில்லை. கொள்முதல் பிரிவு அண்ணன் ஒருவர் சொன்னார்: “கெழக்கால போறேன்னு சொல்லிட்டு மேக்கால போகுதுப்பா.”

அண்ணனின் தவறு இதில் எதுவும் இல்லை. பட்டன் எங்கே என்று அவரைக் கேட்டால் நடுவில் என்று சரியாகவே சொல்கிறார். ஆனால் கை மூலைக்குப் போகிறது. மூளைக்குத் தெரிந்ததும் கைக்குத் தெரிந்ததும் வெவ்வேறு என்பதற்கு நரம்பியலில் புகழ்பெற்ற சான்று உண்டு. 1953இல் நடந்த மூளை அறுவைக்குப் பின் ஹென்றி மொலைசன் என்பவர் புதிதாக எதையும் நினைவில் வைக்க இயலாதவரானார். அறிஞர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திர வடிவம் ஒன்றை வரையச் சொன்னார். அதற்கு முன் வரைந்த நினைவே மொலைசனுக்கு இல்லை. ஆனால் நாளுக்கு நாள் கை தேறிக்கொண்டே வந்தது. நம் அண்ணன் விஷயத்தில் இது தலைகீழ். மூளை லெவனுக்கு அப்டேட் ஆகிவிட்டது; கை இன்னும் டென்னிலேயே இருக்கிறது. கைக்கு அப்டேட் அனுப்ப ஐ.டி. பிரிவிடம் வழியில்லை.

அடுத்து ரைட் கிளிக். ஆய்வில் மிகுந்த தரவு கிடைத்தது இங்கேதான் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். கணக்குப் பிரிவின் மூத்த அம்மையார் ஒருவர் ஜி.எஸ்.டி. ஃபைல் ஒன்றை டெஸ்க்டாப்பிலிருந்து பென் டிரைவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஃபைல்மேல் வைத்து வலப்பக்கம் அழுத்தினார். பட்டியல் விரிந்தது. ‘காப்பி’ என்ற வரியைத் தேடினார், வரி இல்லை. வெட்டுதல், படியெடுத்தல், பெயர் மாற்றுதல், நீக்குதல் எல்லாம் பட்டியலின் விளிம்பில் பொடிப் படங்களாகச் சுருங்கியிருந்தன. படங்களை அவர் அழகுக்கு வைத்ததாக எடுத்துக்கொண்டார். கை பழைய தூரத்துக்கு இறங்கிப் போய் அங்கே இருந்ததை அழுத்தியது. இருந்தது, ஃபைலை ஜிப்பாகச் சுருக்கும் கட்டளை. மதியத்துக்குள் டெஸ்க்டாப்பில் ஒரே ஃபைலுக்குப் பல ஜிப்புகள் பிறந்திருந்தன.

“தம்பி, என் காப்பியக் காணோம்ப்பா.”

“மேல இருக்கு பாருங்க மேடம், ரெண்டு பேப்பர் படம்.”

“அது டிசைன் இல்லையா?”

ஐ.டி. பிரிவுத் தம்பியின் கற்பித்தல் முறை தனி ஆய்வுக்குரியது. அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, தோளுக்கு மேலாகக் குனிந்து, மவுஸை வாங்கி, கண்ணிமைப்பதற்குள் எல்லாவற்றையும் செய்துமுடித்துவிட்டு “பாத்துக்கிட்டீங்களா மேடம்?” என்பார். “பாத்துட்டேன்ப்பா” என்று விடை வரும். இருவருமே உண்மை பேசவில்லை என்பது இருவருக்கும் தெரியும். ‘கன்ட்ரோல் சி போட்டாலே போதும் மேடம்’ என்று அவர் போகிறபோக்கில் சொன்னதற்கு அம்மையார் கேட்ட கேள்வி குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது: “அது எக்செல்லுக்குத்தானே தம்பி? ஃபைலுக்குமா?”

மறுநாள் அம்மையார் தாமாகவே ஒன்றைக் கண்டுபிடித்தார். பட்டியலின் அடியில் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்று ஒரு வரி. அதை அழுத்தினால் பழைய பட்டியல் முழுசாக, ‘காப்பி’ பழைய இடத்தில், எழுத்தில் எழுதப்பட்டே வெளிவந்தது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் அது நேரடியாகவே வரும் என்று தம்பி மேலும் திறந்து காட்டினார். அன்று மாலை அம்மையார் பிரிவுக்கே அறிவித்தார்: “லெவன் நல்லாத்தான் இருக்கு. ஈஸியாத்தான் இருக்கு.” கருதுகோளுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

வேண்டுமென்றால் அகழாய்வு செய்யலாம். விண்டோஸ் 11 என்பது கீழடிக் குழி. மேலடுக்கில் வழவழப்பான செட்டிங்ஸ். சற்றுத் தோண்டினால், 1985ஆம் ஆண்டின் முதல் விண்டோஸ் தொட்டு வாழ்ந்துவரும் கன்ட்ரோல் பேனல். இன்னும் கீழே போய்ப் பென் டிரைவை ஃபார்மேட் செய்யப் பார்த்தால், நெட்டாக நிற்கும் ஒரு சாம்பல் பெட்டி கிடைக்கும். அதை 1994இன் இறுதியில் மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த டேவ் பிளம்மர் எழுதினார். நல்ல வடிவமைப்பு வரும்வரை இருக்கட்டும் என்று தற்காலிகமாகச் செய்ததாக அவரே பின்னாளில் சொன்னார். நல்ல வடிவமைப்பு இன்னும் வரவில்லை. தற்காலிக ஊழியராகச் சேர்ந்து அதிலேயே ஓய்வுபெறும் வழக்கம் நம் அலுவலகங்களுக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் பெறப்படும்.

நிறுவனமும் இந்த மனநிலையை அறியாததன்று. டாஸ்க்பாரில் இருக்கும் செயலிமேல் ஃபைலை இழுத்துப் போடும் வசதியை விண்டோஸ் 11 முதலில் எடுத்துவிட்டது. 2022இல் திருப்பித் தந்தது. திறந்த சாளரங்களைப் பெயரோடு தனித்தனியே காட்டும் பழைய முறையையும் எடுத்துவிட்டு 2023இல் திருப்பித் தந்தது. எடுத்ததைத் திருப்பித் தருவதும் புது வசதிப் பட்டியலில் சேரும் என்பது மென்பொருள் துறையின் கண்டுபிடிப்பு. தேர்தல் காலத்தில் ரேஷன் பொருட்களைப் பார்த்த தமிழர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடிதப் பிரிவின் நிலை வேறு, சற்று வருந்தத்தக்கது. அங்கே தமிழ்க் கடிதம் அடிக்கும் அண்ணன், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் ஹையர் பாஸ் செய்தவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணிபுரிந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய காலத்தில் தொடங்கிய மரபு அவர் விரல்களில் இருக்கிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ் 99 விசைப்பலகை தரமாக்கப்பட்டது. அது நல்ல முறை, விண்டோஸிலேயே இருக்கிறது, தமிழார்வலர்கள் அனைவரும் அதைப் பரிந்துரைக்கிறார்கள். அண்ணனின் விரல்கள் மாநாட்டுக்குப் போகவில்லை. அவருக்குப் பழைய தட்டச்சு முறைக்கான மென்பொருள் தனியே வேண்டும். பழைய லேப்டாப்பில் அதை யார், எப்போது, எந்த சி.டி.யிலிருந்து போட்டார்கள் என்று அலுவலகத்தில் யாருக்கும் நினைவில்லை. புதிதில் போட வேண்டுமென்றால் அட்மின் பாஸ்வேர்டு தேவை. அதற்கு டிக்கெட் போட வேண்டும். டிக்கெட்டில் ‘அவசரம்: குறைவு’ என்று குறித்தது யாரென்று தெரியவில்லை. அதுவரை அண்ணன் கடிதத்தைக் கையால் எழுதி, பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் கொடுத்து அடித்து வாங்கினார். அந்தப் பெண் செல்போனில் பேசியே தமிழை எழுதவைத்து, மெயிலில் தனக்குத் தானே அனுப்பி, ஒட்டிக் கொடுத்தார்.

கருதுகோளுக்கு எதிர்ச்சான்றும் அந்தப் பெண்ணிடமிருந்தே வருகிறது. மறைப்பது ஆய்வு நெறியாகாது. கல்லூரி முடித்து நேரே வந்தவர் அவர். மாற்றம் நடந்ததே அவருக்குத் தெரியவில்லை. ஸ்டார்ட் பட்டன் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, “தேவைப்பட்டதில்லையே சார்” என்றார். விண்டோஸ் விசையை அழுத்திப் பெயரின் இரண்டு எழுத்தை அடிக்கிறார், வேண்டியது வருகிறது. ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது அவர் வாழ்வில் எழுந்த கேள்வியே அன்று. வைத்த இடத்தில் தேடும் குகை மனிதன் அவரோடு முடிகிறான் என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. அடுத்த வாரம் அவருடைய செல்போனில் அப்டேட் வந்து ஐகான்களின் வடிவம் மாறியபோது, “கண்றாவியா இருக்கு, பழசுக்கு எப்படிப் போறது?” என்று அவர் கேட்டது பதிவாகியுள்ளது. கருதுகோள் தப்பிப் பிழைத்தது.

மேலாய்வுக்கு உரியனவாகச் சில எஞ்சுகின்றன. ‘ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க’ என்னும் மருத்துவ முறையின் வரலாறு. மீட்டிங் தொடங்கும் நேரம் பார்த்து அப்டேட் வருவதற்கும் கிரகநிலைக்கும் உள்ள தொடர்பு. ‘மை கம்ப்யூட்டர்’ என்ற பெயர் ‘திஸ் பிசி’ ஆனதில் உரிமையுணர்வு தேய்ந்ததா என்பது. நிதிநல்கை கிடைத்தால் செய்யலாம்.

லேப்டாப்பை இன்னும் ஐ.டி. பிரிவிடம் ஒப்படைக்காத வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொடுப்பதற்கு முன் டெஸ்க்டாப்பைச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடப்பவற்றை வேறிடத்தில் காப்பி செய்துவையுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் நினைவிருக்கிறதா என்று பாருங்கள். திரும்பி வந்ததும் டாஸ்க்பாரில் ரைட் கிளிக் செய்து, டாஸ்க்பார் செட்டிங்ஸில் ‘டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்’ என்பதைத் திறந்தால், அலைன்மென்ட் என்ற இடத்தில் ‘லெஃப்ட்’ என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் ஸ்டார்ட் பட்டன் மூலைக்கே வந்துவிடும். இதற்கு அட்மின் பாஸ்வேர்டு பெரும்பாலும் தேவைப்படாது.