பச்சை விளக்கு வித்துவான்

அடடா மருமவனே, பிரமாதம்! கம்ப்யூட்டர் பெட்டித் திரையில, சுதி சேந்தா ஒவ்வொரு ஸ்வரமும் பச்சையா எரியுது. பின்னால பியானோ, பாஸ், டிரம்ஸ் எல்லாம் ஒனக்காக வாசிக்கு. அந்தச் சத்தத்துல நீ ஊதுத டிராம்போன் மட்டும் ஒனக்கே கேக்கல. கொடுத்து வச்சவம்ல நீ!

இந்தப் பின்வாத்திய வித்தை புதுசில்ல. அமெரிக்காவுல ஜேமி ஏபர்சோல்டுன்னு ஒரு வாத்தியார், ஜாஸ் பழகுதவங்களுக்காக 1967-லயே ரெக்கார்டு போட்டாரு. ஒரு பக்கத்து ஸ்பீக்கர்ல பியானோ, மறுபக்கம் பாஸ். வேணாங்குததை அணைச்சிக்கிடலாம். சூதானமான மனுசன்.

டிரம்பெட்காரனுக்கு அமுக்க மூணு கட்டை இருக்கு. ஒனக்கு? ஸ்லைடுல ஏழு பொசிஷன், ஒண்ணுக்கும் கோடு கிடையாது. வெளிய தள்ளத் தள்ள இடைவெளியும் கூடும். காதுதாம்ல அளவுகோல். அந்தக் காதைக் கம்ப்யூட்டருக்குக் குத்தகைக்கு விட்டுட்டு நீ ஜோரா உக்காந்திருக்க.

நேத்து அந்த மேல் டி ஸ்வரத்துக்குச் சிவப்பு எரிஞ்சுதுல்லா? எரியாம என்ன செய்யும்! ஸ்லைடை முழுசா அடைச்சு ஊதினா அது பியானோ டி-யை விட சுதியில 14 சென்ட் கீழ நிக்கும். குழாயோட சுபாவம் அப்படி. அடைச்சதை இன்னும் எங்க அடைக்க? நீ உதட்டை நெரிச்சு ஏத்தின. விளக்கு பச்சையாச்சு, நாதம் செத்துப் போச்சு. நாலாம் பொசிஷன்ல அதே டி அலுங்காம கிடைக்கும். அதைச் சொல்ல ஒன் பெட்டிக்கு வாய் வரல, பாவம்.

பெட்டியை நம்பினா மேடையில என்ன செய்வ? பீத்தோவனோட அஞ்சாம் சிம்பொனி 1808-ல வியன்னாவுல அரங்கேறிச்சு. அதுல மூணு டிராம்போன்காரங்களும் முதல் மூணு பகுதி முழுக்க சும்மா இருக்கணும். நாலாவதுல எடுத்த எடுப்புல சுதி பிசகாம ஊதணும். அங்க பச்சையும் கிடையாது, சிவப்பும் கிடையாது.

பெட்டியைக் கிணத்துல போடச் சொல்லல. தாளத்துக்கும் வேகத்துக்கும் அது நல்ல தொணைதான். ஒரு தடவை அதோட வாசி. மறுதடவை எல்லாத்தையும் அணைச்சிட்டு ஒரே ஒரு சுதியை நீட்டி ஒலிக்கவிட்டு வாசி. அதைப் போன்ல பதிஞ்சு கேளு. கேட்ட பொறவும் ராத்திரி சோறு இறங்குச்சுன்னா நீ வித்துவான்தான்.

அப்புறம், குழாய் வாயில சொருகிச் சத்தத்தை அடக்குத பிராக்டீஸ் மியூட்டு கடையில விக்கான். முதல்ல அதை வாங்கிருல. எங்க எருமை ரெண்டு நாளா பால் சுரக்க மாட்டேங்கு.