மாமனாருக்கு 12 சதவீதம்

மாமனாரின் மணிவிழாவுக்கு வாசலில் பத்தடி உயர பிளக்ஸ் வைப்பதென்று முடிவானது. கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை நான் ஒருவன்தான் என்பதால், படம் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் பார்ப்பது கணக்கு வேலை. அதை யாரும் கேட்கவில்லை.

என் போனில் எடுத்த படம் அருமையாக இருந்தது. மதுரையில் பிளக்ஸ் கடைத் தம்பி அதைத் தன் கம்ப்யூட்டரில் திறக்கப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "ஹெச்இஐசிண்ணே. நம்ம சிஸ்டத்துல தொறக்காது."

ஊருலகம் 1992 முதல் ஜேபெக் முறையில் படங்களைச் சுருட்டி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தது. 2015-ல் ஹெய்ஃப் என்று ஒன்றை வகுத்தார்கள். அதன் பிள்ளைதான் இந்த ஹெச்இஐசி. வீடியோவைச் சுருக்கும் வித்தையைப் படத்துக்கும் போட்டதால், அதே தெளிவுக்கு ஏறக்குறைய பாதி இடம் போதும். சுருட்டியதை விரிக்கத் தெரிந்த மென்பொருள் எதிர்முனையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடையில் இருந்ததோ எனக்குக் காது குத்திய காலத்துக் கம்ப்யூட்டர்.

நான் விடவில்லை. கோப்புப் பெயரின் வாலை வெட்டிவிட்டு ஜேபிஜி என்று ஒட்டினேன். பெயரை மாற்றினால் ஜாதகமே மாறும் என்பார்கள் நியூமராலஜிக்காரர்கள். கம்ப்யூட்டருக்கு அதில் நம்பிக்கை இல்லை.

வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். திறந்தது! ஆனால் 4032 புள்ளி உயரத்தில் கிளம்பிய மாமனார், 1600 புள்ளியாக இளைத்துப்போய் வந்து சேர்ந்தார். பத்தடிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 13 புள்ளி. மீசை, செங்கல் அடுக்கியது போல் தெரிந்தது. "டாக்குமெண்டாப் போடுங்கண்ணே" என்றான். போட்டேன். அசல் அப்படியே வந்தது. அதாவது, அந்தத் திறக்காத அசல்.

மைத்துனனின் மேக் லேப்டாப்பில் ஜேபெக்காக மாற்றி, பென்டிரைவில் கொண்டுபோனேன். ஒரு படம் போட்ட இடத்தில் இரண்டு இருந்தன. இரண்டாவதன் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி, ஒரு அடிக்கோடு. எடை 4 கேபி. மேக் தன் குறிப்புகளை இப்படி நிழல் கோப்பாக எழுதி வைக்குமாம். அங்கே அது கண்ணில் படாது, விண்டோஸில் பட்டவர்த்தனம். தம்பி குறி பார்த்து நிழலையே அமுக்கி, "இதுவும் போச்சுண்ணே" என்றான். மற்றதைத் தொடு என்று சொல்வதற்குள் கரண்ட் போய்விட்டது. வந்ததும், பென்டிரைவை ஃபார்மேட் செய்யவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. தம்பி சரி என்றுவிட்டான்.

பிறகு என்னை இரக்கத்தோடு பார்த்து, "போனைக் குடுங்கண்ணே" என்றான். படத்தைத் திரை நிறைய இழுத்து மேசையில் வைத்து, தன் போனால் அதைப் படம் பிடித்தான். இரண்டே நிமிஷம்.

விழா அன்று காலை பிளக்ஸை ஏற்றிக் கட்டிய பிறகுதான் கவனித்தோம். மாமனாரின் தலைக்கு மேல் சிவப்பு நிறத்தில் ஒரு பேட்டரி, பக்கத்தில் 12%.

மாலையும் கழுத்துமாக வெளியே வந்தவர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"ஏன் மாப்ளே, எனக்கு இன்னும் பன்னெண்டு பர்சென்ட்தான் பாக்கியா?"