அலி என்ன வெயிட்?

குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் என்பது கூரை போடாத பிரிவு. மற்ற பிரிவுகளில் இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பு இருக்கும். ஹெவிவெயிட்டுக்குக் கீழே ஒரு கோடு, மேலே ஆகாயம். தொழில்முறைச் சண்டையில் இன்று அந்தக் கோடு பெரும்பாலும் 200 பவுண்டில், அதாவது கிட்டத்தட்ட 91 கிலோவில் இருக்கிறது. என் எடை 94. 1952 முதல் 1956 வரை உலகச் சாம்பியனாக இருந்து, போட்ட 49 சண்டையிலும் தோற்காமல் ஓய்வு பெற்ற ராக்கி மார்சியானோ ரிங்கில் ஏறும்போது 85 கிலோதான் இருப்பார். ஆக, இன்றைய சட்டப்படி நான் ஹெவிவெயிட், மார்சியானோ இல்லை. இதை வீட்டில் அறிவித்தபோது, டாக்டர் இதற்கு வேறு பெயர் சொன்னாரே என்றாள் மனைவி.

எங்கள் குடும்பத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் இந்தப் பஞ்சாயத்து தவறாமல் கூடும். அந்தக் கால ஹெவிவெயிட் வீரர்கள் இன்றைய மலைகளிடம் தாக்குப்பிடிப்பார்களா? கட்சிகள் மூன்று. என் தாய்மாமா அலி கட்சி. வியாசர்பாடிக்காரர். 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து, எம்.ஜி.ஆர். முன்னிலையில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டாரே, அன்றைக்கு ஸ்டேடியத்தில் இருந்தவர். ரிங்குக்கும் மாமாவின் சீட்டுக்கும் இருந்த தூரம் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறது. இப்போதைக்கு, அலியின் வியர்வை இவர் சட்டையில் தெறித்த அளவில் நிற்கிறது.

மச்சான் மைக் டைசன் கட்சி. எண்பதுகளில் வளர்ந்தவர்களுக்கு வேறு கட்சி கிடையாது. கல்லூரியில் படிக்கும் என் மகன் டைசன் ஃப்யூரி கட்சி. "அவன் பேரே எங்காளு பேருதானேடா மாப்ளே" என்பார் மச்சான். அது நிஜம். 1988-இல் ஃப்யூரி குறைமாதத்தில், அரைக் கிலோகூடத் தேறாமல் பிறந்தபோது அவர் அப்பா அன்றைய சாம்பியனின் பெயரை வைத்தார். பெயரும் பலித்தது, தீனியும் பலித்தது. 2024 டிசம்பரில் தராசில் ஏறியபோது 281 பவுண்டு, 127 கிலோ. உயரம் 6 அடி 9 அங்குலம்.

"இந்த உயரத்துக்கு உங்க காலத்து ஆளுங்க என்ன தாத்தா பண்ணுவாங்க?" என்பான் மகன்.

"ஒசரமா இருந்தா ஒட்டடை அடிக்கலாம் நைனா. பாக்ஸிங்குக்கு இன்னாத்துக்கு?"

மாமா வாயால் மட்டும் சண்டை போடுபவர் அல்ல, வரலாற்றையும் கையில் வைத்திருப்பார். 1919 ஜூலை 4, அமெரிக்காவின் டொலிடோ நகரம். சாம்பியன் ஜெஸ் வில்லார்டு ஆறரை அடி, 111 கிலோ. எதிரே 85 கிலோ ஜாக் டெம்ப்சி. முதல் ரவுண்டிலேயே வில்லார்டு ஏழு முறை விழுந்தார். ஜெயித்துவிட்டதாக நினைத்து டெம்ப்சி ரிங்கை விட்டு இறங்கியே போய்விட்டார். இன்னும் முடியவில்லை, வா என்று திரும்பக் கூப்பிட்டார்கள். மூன்றாவது ரவுண்டு முடிந்ததும் வில்லார்டு ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. அடுத்து இத்தாலிய ராட்சதர் பிரிமோ கார்னேரா. 1934-இல் மேக்ஸ் பேர் அவரைப் பதினோரு முறை தரையில் போட்டார். இதைச் சொல்லும்போது மாமா ஒவ்வொரு முறை விழுந்ததையும் தொடையில் தட்டிக் காட்டுவார், தொடை அவருடையதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

மகன் விடுவதில்லை. வில்லார்டுக்கு அன்றைக்கு வயது 37. சண்டை போட்டே வருடக்கணக்காகியிருந்தது. அதோடு, அடிபட்டவன் எழுந்திருக்கும்போது தலைமாட்டிலேயே நின்று மறுபடி குத்தலாம் என்று அன்றைய ரெஃப்ரிகள் விட்டுவிட்டார்கள். இன்று கீழே விழுந்தால் அடித்தவன் ஒதுங்கிப் போய் மூலையில் நிற்க வேண்டும். டெம்ப்சியை இங்கே கொண்டுவந்தால், முதல் ரவுண்டில் பாதி நேரம் மூலைக்கு நடந்து போவதிலேயே கழிந்துவிடும்.

இந்த இடத்தில் நான் மகன் பக்கம். அந்தக் காலத்துப் பெரிய உடம்புகள் பெரும்பாலும் நின்ற இடத்தில் நிற்கும் உடம்புகள். ஃப்யூரி அத்தனை எடையையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஆடுகிறார், இடுப்பை வளைத்துத் தப்பிக்கிறார், போரடித்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முகத்தை நீட்டுகிறார். மார்சியானோவின் கைவிரிப்பைவிட இவருடையது சுமார் ஒன்றரை அடி அதிகம். மார்சியானோ நெருங்கி வந்து குத்துபவர். இங்கே நெருங்குவதே ஒரு யாத்திரை, போய்ச் சேருவதற்குள் சாத்திவிடுவார்கள். என் ஓட்டு ஃப்யூரிக்கு.

இன்னொரு விஷயத்தைக் கட்சிக்காரர்கள் யாரும் யோசிப்பதில்லை. பழையவர்களை இங்கே கூட்டி வந்தால் அவர்களுக்கு ரவுண்டு குறையும். அன்று பட்டச் சண்டை என்றால் 15 ரவுண்டு, இன்று 12. 1982-இல் லாஸ் வேகஸில் ரே மன்சினியுடன் மோதிய கொரிய வீரர் கிம் டுக் கூ 14-ஆவது ரவுண்டில் அடிபட்டு இறந்தார். அதன் பிறகே குறைத்தார்கள். குறைத்தது நல்லதே. ஆனால் அந்தக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள். 1952-இல் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் மார்சியானோ பட்டம் பறித்தது 13-ஆவது ரவுண்டில். அதுவரை மூன்று நடுவர்களின் அட்டையிலும் அவர் பின்தங்கித்தான் இருந்தார். 12 ரவுண்டோடு மணி அடித்திருந்தால் பட்டமும் இல்லை, 49-0 என்ற பெருமையும் இல்லை. 1941-இல் ஜோ லூயிஸை, 10 கிலோவுக்கு மேல் எடை குறைந்த பில்லி கான் 12 ரவுண்டு வரை புள்ளியில் முந்திக்கொண்டிருந்தார். 13-இல் நாக் அவுட்டே செய்துவிடலாம் என்று ஆசைப்பட்டார். ஆனார்.

இதைவிட வேடிக்கை 1970-இல் திரைக்கு வந்தது. ராணுவத்தில் சேர மறுத்ததால் அலிக்குச் சண்டை போடத் தடை இருந்த சமயம். முர்ரே வொரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர், அலியும் மார்சியானோவும் மோதினால் யார் ஜெயிப்பார் என்று கம்ப்யூட்டரிடம் கேட்டார். இருவரையும் மயாமியில் ஒரு ஸ்டுடியோவில் நிறுத்தி, பொய்க் குத்து குத்தவிட்டுப் படமும் எடுத்தார். மார்சியானோ இதற்காக மாதக்கணக்கில் தொப்பையைக் கரைத்தார், விக் வைத்துக்கொண்டார். படப்பிடிப்பு முடிந்து மூன்று வாரத்தில் விமான விபத்தில் இறந்துபோனார். பல முடிவுகளை எடுத்து வைத்திருந்ததால் இருவருக்குமே படம் முடியும் விதம் தெரியாது. அமெரிக்கத் தியேட்டர்களில் மார்சியானோ நாக் அவுட்டில் ஜெயித்தார். எத்தனையாவது ரவுண்டு? அதே 13. கம்ப்யூட்டரை அலபாமாவில் செய்திருப்பார்கள் என்று அலி கிண்டலடித்தார், கறுப்பர்களை ஒதுக்கிவைப்பதில் பேர் போன மாநிலம் அது. ஐரோப்பாவில் காட்டியதில் அலி ஜெயித்தார். கடல் தாண்டினால் அந்தக் கம்ப்யூட்டருக்கு வேறு மனசாட்சி போலிருக்கிறது.

மச்சானின் டைசனைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. 2002-இல் லெனாக்ஸ் லூயிஸ் எட்டாவது ரவுண்டில் படுக்க வைத்த கதையை ஆரம்பித்தால் கை கழுவப் போவார். 2024-இல் 58 வயதில் ஜேக் பாலோடு மோதினாரே என்று கேட்டால் ஊருக்கே பஸ் ஏறிவிடுவார்.

போன கல்யாணத்தில் மாமாவுக்கு ஒரு நல்ல செய்தி வைத்திருந்தேன். 2024 மே மாதம் ரியாத்தில் ஃப்யூரியைத் தோற்கடித்தவர் உக்ரைனின் ஓலெக்ஸாண்டர் உஸிக். 6 அடி 3 அங்குலம், அலியின் அதே உயரம். டிசம்பரில் மறுபடியும் மோதினார்கள். எடை வித்தியாசம் 25 கிலோ. ஃப்யூரி ஒரு சிப்பம் அரிசியைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டு வந்த மாதிரி. அப்போதும் உஸிக்தான். மூன்று நடுவர்களும் 116-112 என்றார்கள். கணக்கில் சேராத நான்காவது நடுவராக உட்கார வைத்திருந்த செயற்கை நுண்ணறிவும் உஸிக் பக்கமே நின்றது.

"அதே ஒசரத்துல இருக்குறவன் ரெண்டு தபா அடிச்சிட்டான். அலின்னா?" என்று மாமா மகனைப் பார்த்தார். மகனிடம் பதில் இல்லை. அந்த வெற்றியோடு விட்டிருக்கலாம். தெரிந்ததை எல்லாம் சொல்லித் தீர்க்கும் வியாதி எனக்கு. 2020-இல் உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் பிரிட்ஜர்வெயிட் என்று புதிதாக ஒரு பிரிவை ஆரம்பித்தது. 200 முதல் 224 பவுண்டு வரை. அன்றைய சாம்பியன் லிஸ்டனை அடித்துப் பட்டம் வாங்கியபோது அலி 210. "இன்னிக்கு வந்தா அவரை அதுல போட்டாலும் போட்டுடுவாங்க மாமா. ஹெவிவெயிட்டுக்குக் கீழே."

மாமா வெற்றிலையை மடிப்பதை நிறுத்தினார்.

"எந்த வருசம்ன?"

"2020."

"அலி போய்ச் சேந்தது?"

"2016."

"பாத்தியா," என்றார். "அவுரு கண்ண மூடுற வரிக்கும் வாயத் தொறக்காம இருந்துக்கினு, அப்பால கண்டுபுடிச்சிருக்கானுங்க."